பவர் எட்டைத் தாண்டியவர்களுக்கு லேசரா, உள்லென்ஸா, லென்ஸ் மாற்றா?

மைனஸ் மூன்று பவர் உள்ளவருக்கும் மைனஸ் பதினொன்று உள்ளவருக்கும் குறைக்குப் பெயர் ஒன்றுதான், கிட்டப்பார்வை. ஆனால் கண்ணாடியைக் கழற்றும் அறுவை என்று வந்துவிட்டால் இருவர் நிலையும் வேறு. மூன்று உள்ளவருக்கு எந்த லேசர் வைத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். செலவையும் மருத்துவரின் கைப்பழக்கத்தையும் பார்த்து முடிவு செய்யலாம். எட்டைத் தாண்டியவருக்கு அப்படியில்லை. எந்த முறை என்பதை அவருடைய கண்ணின் அளவுகளும் வயதும் செய்யும் வேலையும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

நான் காரைக்குடியில் கண் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவன். அறுவை செய்வதில்லை, எந்த முறையை யார் தேர்ந்தாலும் எனக்கு வரவு செலவு இல்லை. ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் ஆட்கள் என்னிடம்தான் வருகிறார்கள். "லேசிக்" என்ற ஒரே சொல்லோடு வந்து, அளவு ஒத்துவராமல் மனம் ஒடிந்து திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. அவர்களுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. அதை யாரும் முன்பே சொல்லியிருப்பதில்லை.

பள்ளத்தூரிலிருந்து பேத்தியைக் கூட்டி வந்த ஓர் ஆச்சி கேட்டார்.

"தம்பி, வைகாசியில கல்யாணம். அதுக்குள்ள பிள்ளைக்கு இந்த சோடாபுட்டிக் கண்ணாடிய எடுத்துரணும். லேசர் வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிருமாமே?"

"வைக்கிறது ஒரு நாள்தான் ஆச்சி. இந்தக் கண்ணுக்கு லேசர் ஒத்துக்குமான்னு முதல்ல பாக்கணுமில்ல?"

அந்தப் பெண்ணுக்கு இரு கண்ணிலும் மைனஸ் பதினொன்றை ஒட்டிய பவர். கண்ணாடி இல்லாவிட்டால் அரைச் சாண் தூரத்துக்குள்தான் எதுவும் தெளிவு. வளர்ந்தவர்களின் கண் முன்பின்னாகச் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். கடுமையான கிட்டப்பார்வையில் அது 26-ஐத் தாண்டி நீண்டுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (பவரின் அலகு) ஏறும். இனிச் சொல்லப்போகும் எந்த அறுவையும் அந்த நீளத்தைக் குறைப்பதில்லை. கருவிழியின், அதாவது கண்ணின் முன்னால் உள்ள ஒளிபுகும் படலத்தின், வளைவை மாற்றலாம், உள்ளே ஒரு லென்ஸைக் கூடுதலாக வைக்கலாம், கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். கைவசம் உள்ள வழிகள் இந்த மூன்றுதான்.

லேசர்: கருவிழியின் கையிருப்பு

லேசிக் என்றால் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடலைத் திறந்து, அடியில் உள்ள திசுவை எக்ஸைமர் லேசரால் செதுக்கி, மடலை மறுபடி மூடுவது. எவ்வளவு பவர் போக வேண்டுமோ அவ்வளவு திசு செலவாகும். கணக்கு வழக்கில் பெயர் வாங்கிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் பற்று வரவாகச் சொன்னால் உடனே புரிகிறது. சராசரிக் கருவிழியின் நடுத்தடிமன் சுமார் 540 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதுதான் கையிருப்பு, அதில் வரவே கிடையாது.

ஆச்சியின் பேத்திக்கு 520 என்று வைத்துக்கொள்வோம். மடலுக்கு 110 போய்விடும். கண்ணாடியில் 11 என்பது கருவிழி மட்டத்தில் 9.7 அளவுக்குச் சமம், ஏனென்றால் கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது. ஆறரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு டயாப்டருக்குச் சுமார் 14 மைக்ரான் தேவை. கருவிக்குக் கருவி இது சற்றுக் கூடும். ஆக, செதுக்க 136. மொத்தப் பற்று 246, மிச்சம் 274. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரான் விட வேண்டும் என்பது பழைய எல்லை. இன்று பல மருத்துவர்கள் 300-க்குக் கீழே போக விரும்புவதில்லை. இன்னொரு கணக்கும் பார்ப்பார்கள்: மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் நாற்பது சதவீதத்தைத் தொடக்கூடாது. இங்கே 47 சதவீதம். 300 என்ற இன்றைய எல்லையிலும் சதவீதக் கணக்கிலும் தேறவில்லை.

இதே கருவிழியில் பவர் ஏழாக இருந்திருந்தால்? செதுக்க 90 போதும், மிச்சம் 320, பற்று 38 சதவீதம். தாராளமாகச் செய்யலாம். பவருக்கு ஒரு பொது எல்லை கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டுக்குச் செய்தார்கள் என்றால் அவன் கருவிழி 570 ஆக இருந்திருக்கலாம்.

எல்லையை மீறினால் என்ன ஆகும்? மெலிந்த கருவிழி உள்ளழுத்தத்தைத் தாங்காமல் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து முன்னால் புடைக்கத் தொடங்கும். கண்ணாடி போட்டாலும் சரியாகாத கோணல் பார்வை வரும். அதை நிறுத்த வேறு சிகிச்சை, வேறு செலவு. கருவிழி ஏற்கெனவே கூம்பு வடிவத்துக்குப் போகும் தன்மையுள்ளதாக இருந்தால் தடிமன் போதுமானதாக இருந்தாலும் லேசர் கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பென்டாகேம் போன்ற கருவியில் கருவிழியின் வரைபடம் எடுக்கிறார்கள். ஒவ்வாமை அரிப்பால் சிறு வயதிலிருந்தே கண்ணைக் கசக்கும் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஸ்மைல் என்னும் இன்னொரு லேசர் முறை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அதில் மடல் கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு சிறு வில்லைத் துண்டை வெட்டி வைக்க, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் துளை வழியாக அதை உருவி எடுக்கிறார்கள். 2011-இலிருந்து நடைமுறையில் உள்ள முறை. வெட்டுப்படும் நரம்புகள் குறைவு, அதனால் கண் வறட்சி குறைவு. மடல் நழுவும் பயமும் இல்லை. ஆனால் எடுக்கும் திசுவின் அளவு லேசிக்கை விடக் குறைவில்லை. "ஸ்மைல்னா கருவிழி மெலியாது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் திருத்துகிறேன். அந்த முறைக்கும் பத்து டயாப்டரோடு அனுமதி நின்றுவிடுகிறது.

பி.ஆர்.கே. என்னும் பழைய முறையில் மடலே இல்லாமல் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவார்கள். மடலுக்குப் போகும் 110 மிச்சமாகும். தோல் மறுபடி வளர மூன்று முதல் ஐந்து நாள் எரிச்சலும் கண்ணீருமாக இருக்கும். அதிகப் பவருக்குச் செய்தால் கருவிழியில் வெண்புகைபோல் ஒரு மங்கல் படியும் ஆபத்து கூடுகிறது. அதைத் தடுக்க மைட்டோமைசின் மருந்து வைக்கிறார்கள், மாதக்கணக்கில் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் போடச் சொல்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எந்த லேசராக இருந்தாலும் அதிகப் பவருக்குச் செய்தவர்கள் இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் கூச்சமும் தெரிவதாகச் சொல்கிறார்கள். நடுக்கருவிழியை அவ்வளவு தட்டையாக்கியதன் விளைவு அது. பாவை, அதாவது கண்ணின் நடுவே உள்ள கறுப்புத் துளை, பெரிதாக உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். திருச்சி–இராமேசுவரம் சாலையில் இரவு வண்டி ஓட்டுபவர் எதிரில் வரும் லாரி விளக்கை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். கண் வறட்சியும் அப்படித்தான். லேசிக்குக்குப் பின் பலருக்குச் சில மாதங்கள் கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கும். நாளெல்லாம் ஏசி அறையில் கணினி பார்ப்பவர்கள் அறுவைக்கு முன்பே கண்ணீர்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

உள்லென்ஸ்: கடும் கிட்டப்பார்வைக்கு என் முதல் தேர்வு

ஐ.சி.எல். என்று சொல்லப்படும் லென்ஸ் கருவிழியைச் செதுக்குவதில்லை. சுமார் மூன்று மில்லிமீட்டர் வெட்டின் வழியே, சுருட்டிய மெல்லிய லென்ஸ் ஒன்றை உள்ளே விரித்து, ஐரிஸுக்கு (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். இயற்கை லென்ஸ் அப்படியே இருப்பதால் கிட்டத்தில் பார்க்கும் சக்தி போவதில்லை. கொலாஜன் கலந்த கொலமர் என்ற பொருளால் ஆனது. பதினெட்டு டயாப்டர் வரைக்கும் கிடைக்கிறது. சிலிண்டர் பவரும் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாததால் வருவது) உள்ளவர்களுக்கு டோரிக் வகை உண்டு. குஜராத்தில் தயாராகும் ஐ.பி.சி.எல். என்னும் லென்ஸும் பல மருத்துவமனைகளில் வைக்கப்படுகிறது, செலவில் அது கொஞ்சம் இறங்கும்.

பார்வைத் தரத்தில் இதற்கு ஒரு தனி மேன்மை உண்டு. தடித்த மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சிறுத்துக் காட்டும். லென்ஸ் கண்ணுக்குள்ளேயே போய்விட்டால் உருவம் அதன் அளவுக்குத் திரும்புகிறது. அதனால் கண்ணாடியில் படிக்க முடியாத வரியைக்கூட அறுவைக்குப் பின் சிலர் படிக்கிறார்கள். கண் வறட்சி கூடுவதும் லேசரை விடக் குறைவு. வேண்டாம் என்றால் எடுத்துவிடவும் முடியும். செதுக்கிய கருவிழியை யாரும் திருப்பித் தர முடியாது.

ஆனால் இதுவும் எல்லோருக்கும் கிடையாது. கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே குறைந்தது 2.8 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். மூன்று இருந்தால் நல்லது. நீளமான கிட்டப்பார்வைக் கண்களில் இந்த ஆழம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. கருவிழியின் உட்புறச் செல்களின் எண்ணிக்கை வயதுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், ஏனெனில் அந்தச் செல்கள் போனால் மீண்டும் முளைப்பதில்லை. அறுவைக்குப் பிறகும் வருடந்தோறும் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அறுவையின் உயிர்நாடி லென்ஸின் அளவுத் தேர்வில் இருக்கிறது. பவரைச் சொல்லவில்லை, லென்ஸின் அகலத்தைச் சொல்கிறேன். உள்ளே வைத்த லென்ஸுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே 250 முதல் 750 மைக்ரான் இடைவெளி இருக்க வேண்டும். லென்ஸ் சிறியதாகிவிட்டால் இயற்கை லென்ஸை உரசிக் கண்புரை வரலாம். பெரியதாகிவிட்டால் ஐரிஸை முன்னே தள்ளிக் கண் அழுத்தம் ஏறலாம். பழைய லென்ஸ்களுக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் ஓட வழி செய்ய ஐரிஸில் லேசரால் துளை போட வேண்டியிருந்தது. இப்போதைய லென்ஸின் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. அதனால் அந்தத் துளைபோடும் வேலையும் இல்லை, கண்புரை ஆபத்தும் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தக் கம்பெனி லென்ஸ்?" என்பதல்ல. "அகலத்தை எந்தக் கருவியால் அளக்கிறீர்கள், அளவு ஒத்துவராவிட்டால் மாற்றி வைக்கும் செலவு யாருடையது?" என்று கேளுங்கள்.

கண்ணுக்குள் கருவி போவதால் கிருமித்தொற்று என்ற ஆபத்தும் உண்டு. மிக அரிது, ஆனால் வந்தால் பார்வையையே எடுத்துவிடக்கூடியது. அறுவை நடந்த முதல் நாளில் கண் அழுத்தமும் ஏறக்கூடும். மதுரையிலோ திருச்சியிலோ அறுவை முடித்த கையோடு காரில் ஊர் திரும்பிவிடாதீர்கள். சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ ஓரிரு இரவு அங்கேயே தங்கி, மறுநாள் அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். கண் வலித்துப் பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அதற்கு அருகில் இருப்பது அவசியம்.

ஐரிஸிலேயே கவ்வி நிற்கும் லென்ஸ் வகையும் ஒன்று உண்டு. கருவிழிச் செல்களுக்கு நெருக்கமாக நிற்பதால் ஐ.சி.எல். வைக்க முடிகிற கண்ணுக்கு அதை யோசிக்கத் தேவையில்லை.

என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பவர் ஆறு ஏழு, கருவிழி தடிமன், வரைபடம் சுத்தம் என்றால் லேசரே போதும், உள்லென்ஸின் கூடுதல் செலவு தேவையில்லை. பத்தைத் தாண்டினால் லேசரைப் பற்றிப் பேசவே வேண்டாம், உள்லென்ஸ் பொருந்துமா என்று மட்டும் பாருங்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்தான் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். அங்கே நான் உள்லென்ஸ் பக்கம் சாய்கிறேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது வருடம் அந்தக் கருவிழி உழைக்க வேண்டும்.

லென்ஸ் மாற்று: நாற்பதுக்கு மேல் யோசிக்க வேண்டியது

இயற்கை லென்ஸையே எடுத்துவிட்டு, கண்புரை அறுவையில் வைப்பதுபோல் செயற்கை லென்ஸ் வைப்பது மூன்றாவது வழி. எவ்வளவு பவர் இருந்தாலும் சரிசெய்யலாம். ஆனால் கிட்டத்தில் குவிக்கும் இயற்கைச் சக்தி அன்றோடு போய்விடும். இருபது முப்பது வயதுக்காரருக்கு இதை ஒருவர் பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். அதைவிடப் பெரிய காரணம் விழித்திரை. நீண்ட கண்ணில், இளம் வயதில், லென்ஸை எடுத்தால் விழித்திரை பிரியும் ஆபத்து கூடுகிறது, ஆண்களுக்கு இன்னும் அதிகம்.

ஐம்பதை நெருங்கியவர்களுக்குக் கதை வேறு. கடும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண்புரையும் மற்றவர்களை விட முன்பே வரும். புரை லேசாகத் தொடங்கியிருந்தால் அது முதிர்ந்து அறுவைக்கு வரும்போதே பவரும் சேர்ந்து போய்விடும். அந்த வயதில் ஐ.சி.எல். வைத்து, சில வருடத்தில் புரைக்காக அதை மறுபடி எடுப்பது வீண் செலவு.

இங்கே தொழில் பெரிய விஷயமாகிறது. எனக்குத் தெரிந்த ஒரு நகைப் பட்டறைக்காரருக்கு மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே பிடித்துக் கல் பதிப்பார். அந்த நுணுக்கம் அவருடைய குறை கொடுத்த வரம். தூரப் பார்வையைப் பூச்சியம் பவருக்குக் கொண்டுவந்துவிட்டால் நாற்பத்தைந்து வயதில் அவர் ஒரு கல்லைக்கூடக் கண்ணாடி இல்லாமல் பதிக்க முடியாது. "அண்ணே, மருத்துவர்கிட்ட முழுசா எடுக்க வேணாம், மைனஸ் மூணு விட்டு வைங்கன்னு கேளுங்க" என்றேன். மூன்று மிச்சமிருந்தால் சுமார் ஓர் அடி தூரத்தில் கையில் உள்ள வேலை கண்ணாடியின்றித் தெரியும், தெருவில் போக மெல்லிய கண்ணாடி போதும். ஆத்தங்குடியில் தளக்கல்லுக்குப் பூ வரைபவர், ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி போடுபவர் என்று கைவேலைக்காரர் எல்லோரும் கண்ணாடியே இல்லாத வாழ்வு வேண்டுமா, வேலைக்கு ஒத்த கண் வேண்டுமா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் லேசர், உள்லென்ஸ் செய்தவர்களுக்கும் வாசிப்புக் கண்ணாடி வரத்தான் செய்யும்.

அறுவையே வேண்டாம் என்பதும் மதிப்புள்ள முடிவுதான். கடும் பவருக்குக் கான்டாக்ட் லென்ஸ் கண்ணாடியைவிட நல்ல பார்வை தரும். கை கழுவுதலும் தினசரிச் சுத்தமும் தவறாதவர்கள் வருடக்கணக்கில் போடலாம். ஊருணியில் குளிக்கும்போது மட்டும் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். தேங்கிய நீரில் இருக்கும் அமீபா வகை லென்ஸுக்கு அடியில் தங்கிக் கருவிழியைப் புண்ணாக்கும், அதை ஆற்றுவது கடினம். குழாய்த் தண்ணீரில் லென்ஸ் கழுவுவதும் அதே ஆபத்துதான்.

விழித்திரை, கல்யாணத் தேதி, செலவு

எந்த முறையைத் தேர்ந்தாலும் அறுவைக்கு முன் பாவையை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்க வேண்டும். மெலிந்த இடமோ துளையோ இருந்தால் சுற்றி லேசர் வைத்துவிட்டு, அது ஒட்டிய பிறகுதான் அடுத்த வேலை. பவர் பூச்சியமானாலும் கண்ணின் நீளம் பழைய நீளம்தான், எனவே வருடம் ஒருமுறை விழித்திரைச் சோதனை வாழ்நாள் முழுதும் உண்டு. கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரெனப் பறக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். "எனக்குத்தான் பவர் போய்விட்டதே" என்று இருந்து பார்வையை இழக்கக்கூடாது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். பவர் ஒரு வருடமாக ஏறாமல் நின்றிருக்க வேண்டும். அளவெடுக்கும் முன் மென்மையான கான்டாக்ட் லென்ஸை ஓரிரு வாரம், கெட்டி லென்ஸை இன்னும் அதிக நாள் கழற்றி வைக்க வேண்டும். விழித்திரைக்கு லேசர் தேவைப்பட்டால் அதற்கும் வாரங்கள் போகும். டோரிக் லென்ஸை அளவுக்கு வரவழைக்கவும் நாளாகும். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் மாறக்கூடும் என்பதால் அப்போது செய்ய மாட்டார்கள். ஆச்சியிடம் நான் கேட்டுக்கொண்டது, தேதியை அறுவைக்கு எல்லையாக வைக்க வேண்டாம் என்பதுதான். மாப்பிள்ளை வீட்டில் கண்ணாடியோடே பார்த்துச் சம்மதித்திருக்கும்போது அவசரம் எதற்கு? சீருடைப் பணிக்கு முயலும் பிள்ளைகளும் அந்த வேலையின் அறிவிக்கையில் கண் அறுவை பற்றி என்ன விதி என்று படித்துவிட்டுத்தான் மருத்துவமனைப் படியேற வேண்டும்.

செலவில் உள்லென்ஸ் லேசரை விடப் பல மடங்கு ஆகலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: மருத்துவக் காப்பீடு கண்ணாடி அறுவைக்குக் கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்கு விதி 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைத்தான் விலக்குகிறது. அதற்கு மேல் உள்ளவர்கள் தங்கள் பாலிசியின் வாசகத்தையும் காத்திருப்புக் காலத்தையும் பார்த்து, அறுவைக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்கலாம். பவரைக் காட்டும் பழைய சீட்டுகள் அதற்கு ஆதாரம்.

நாங்கள் வழக்கமாக அனுப்புவது 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய மதுரை அரவிந்த், அல்லது திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை. இரண்டும் காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். எங்கே போனாலும் அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கி, இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அந்த நகல்களை அறுவை முடிந்ததும் தூக்கி எறியாதீர்கள். லேசர் செய்த கண்ணுக்கு முப்பது வருடம் கழித்துக் கண்புரை வரும்போது, வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிட அறுவைக்கு முந்தைய பவரும் கருவிழி வளைவின் அளவும் பெரிதும் உதவும். உள்லென்ஸ் வைத்தவர்களுக்கு லென்ஸின் வகையும் அகலமும் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள், அதையும் சேர்த்து வீட்டுப் பத்திரங்களோடு பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.